எலும்புக்குச் செல்லும் வழி குடல் ஊடாகவே

நல்ல உணவு உண்டால் எலும்பு உறுதிப்படும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் உண்பது எல்லாம் எலும்பைச் சென்றடைவதில்லை. இடையில் குடல் என்றொரு வாசல் உண்டு. அந்த வாசலின் முக்கியத்துவத்தை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் பிடித்தது.

கால்கள் வளைந்து எலும்புகள் மென்மையாகும் றிக்கெற்ஸ் நோய் பற்றி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரான்சிஸ் கிளிசன் 1650 ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்டார். ஐரோப்பியர் அதனை 'ஆங்கிலேய நோய்' என்றே அழைத்தனர். வார்சோ நகரக் குழந்தைகளை இந்நோய் வாட்டுகையில் நாட்டுப்புறக் குழந்தைகள் தப்பிக்கொள்வதை அவதானித்த போலந்து மருத்துவர் சினியாடெக்கி, வெயிலே அதற்குக் காரணம் என 1822 இல் எழுதினார். அவரது கூற்றை அன்று பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை.

முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு விடைகள் அடுத்தடுத்து வந்தன. இலண்டனில் எட்வேர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, ஓட்ஸ் முதலிய தானிய உணவு கொடுத்து றிக்கெற்ஸை உண்டாக்கினார். கொட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்து அதனைத் தடுத்தும் காட்டினார். அதே 1919 இல் பேர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதா விளக்கொளியால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். 1922 இல் அமெரிக்காவின் மக்கொலம், அவ்வெண்ணெயில் உள்ள காரணிக்கு விற்றமின் டி எனப் பெயரிட்டார்.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மெலன்பியை ஒரு புதிர் விடவில்லை. வெள்ளை மாவைவிட ஓட்ஸில் கல்சியமும் பொஸ்பரசும் அதிகம். அப்படியிருந்தும் ஓட்ஸ் உண்ட குட்டிகளுக்கே நோய் கடுமையாக இருந்தது. தானியத் தவிட்டிலுள்ள பைற்றிக் அமிலம் குடலில் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

ஆய்வுகூடத்துப் புதிர் இரண்டாம் உலகப் போரில் அரசியல் பிரச்சினையாயிற்று. கப்பல்களில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக பிரித்தானியா தவிடு கூடிய மாவுக்கு மாறியது. மக்கான்ஸ், எல்சி விடோசன் ஆகிய இரு ஆய்வாளர்கள் பழுப்பு ரொட்டி உண்போர் குறைந்த கல்சியத்தையே உறிஞ்சுகின்றனர் என்று 1942 இல் நிறுவினர். அரசு மாவில் கல்சியம் காபனேற்றைச் சேர்க்கப் பணித்தது. நடுநிலை வகித்த அயர்லாந்திலோ, தவிட்டு மா வழக்குக்கு வந்த ஆண்டுகளில் டப்ளின் குழந்தைகளிடையே றிக்கெற்ஸ் பெருகியது.

1962 இல் இதே நோய் கிளாஸ்கோவில் வாழ்ந்த பாகிஸ்தானியர் மத்தியில் தென்பட்டது. கரிய தோல், மங்கிய வெயில், சப்பாத்தி மா ஆகியவற்றுள் எது குற்றவாளி என்று நீண்ட விவாதம் நடந்தது. 1979 இல் அந்நகரில் விற்றமின் டி இலவசமாக வழங்கப்பட்டதும் நோய் தணிந்தது.

அண்மைக் காலத்தில் குடலில் வாழும் பற்றீரியாக்களும் இக்கதைக்குள் நுழைந்துள்ளன. நாம் சமிபாடடையச் செய்ய முடியாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலச் சூழலில் கல்சியம் எளிதில் கரைகிறது. நாளொன்றுக்கு 8 கிராம் இனுலின் வகை நார்ப்பொருளை ஓராண்டு உட்கொண்ட பதின்ம வயதினரிடம் கல்சிய உறிஞ்சலும் எலும்பின் அடர்த்தியும் கூடியதாக 2005 இல் அமெரிக்க ஆய்வொன்று அறிவித்தது. எனினும் அவசரப்படலாகாது. 2012 இல் வெளியான சுவீடன் ஆய்வில், பற்றீரியாக்கள் அறவே இல்லாத சுண்டெலிகளின் எலும்பே அடர்த்தி கூடியதாக இருந்தது! இவ்வுறவு எளிதில் விளங்கிக்கொள்ளக் கூடியதன்று.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் எம்மவருக்கு இது வெறும் பழங்கதை அன்று. கிளாஸ்கோவில் தென்பட்ட அதே தோலும் அதே வெயிற் பஞ்சமும் அவர்களுக்கும் உண்டு. கரிய தோலினர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது 2016 முதல் பிரித்தானியாவின் ஆலோசனை. தோசை மாவைப் புளிக்க வைத்தலும் குரக்கனை முளைக்க வைத்தலும் பைற்றிக் அமிலத்தைக் குறைக்கும். எங்கள் பாட்டிமாரின் அடுக்களை அறிவை நாம் கடல் கடந்தும் கொண்டுசெல்லலாம். அவர்கள் முற்றத்து வெயிலை அவ்வாறு கொண்டுசெல்ல இயலாது.