வெற்றிச்சின்னம்

போரில் வென்றவன் தன் வெற்றியைப் பிறர் காண நிறுத்தும் பொருள் வெற்றிச்சின்னம். பண்டைத் தமிழகத்தில் அப்படி எடுக்கப்பட்டவற்றை நோக்கினால், பொருளின் விலை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. பகைவன் எதைக் காத்து நின்றானோ அதுவே சின்னமாயிற்று. சங்ககால அரசர்கள் ஆளுக்கொரு காவல்மரம் பேணினர். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்பமரத்தை வெட்டி முரசு செய்துகொண்டதைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. செங்குட்டுவன் பழையனின் வேம்பை வீழ்த்தியதும் அந்நூலில் உண்டு. வெட்டிய மரத்தை விறகாக்கியிருந்தால் செய்தி அன்றோடு அவிந்திருக்கும். முரசானதால், தோற்றவனின் காவல் வென்றவன் முற்றத்தில் முழங்கிக்கொண்டே இருந்தது.

சோழர் காலத்தில் மரத்தின் இடத்தைக் கல் பிடித்தது. முதலாம் இராசாதிராசன் (1018–1054) சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து, அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைக் கொண்டுவந்தான். பின்னர் தாராசுரம் கோயிலில் இருந்த அச்சிலை இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் உள்ளது. அது பக்தியால் கொணரப்பட்டது என்று வாதிடலாம். கங்கைகொண்ட சோழபுரத்துச் சாளுக்கிய சூரியபீடத்துக்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் துவாரபாலகர் மூலவர் அல்லர், வாயிற்காவலர். அச்சிலையின் பீடத்துக் கல்வெட்டும் நிவந்தம் எதையும் கூறாமல், மன்னன் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்தது என்றே கூறுகிறது. வெறும் கொள்ளை என்பாரும் உளர். கொள்ளையடிப்பவன் பொன்னைத் தேடுவான். கனத்த கருங்கல்லை அத்தனை தொலைவு இழுத்துவந்து அதில் எழுத்தும் வெட்டமாட்டான். செங்கமேட்டில் உள்ள கலிங்கச் சிற்பங்களும் இவ்வகையினவே. திருச்செங்காட்டங்குடி வாதாபி கணபதியை இதில் சேர்ப்பதற்கில்லை. பல்லவப் படைத்தலைவர் பரஞ்சோதியாரின் வாதாபிப் போரைச் சொல்லும் பெரியபுராணம் அச்சிலையைப் பற்றிப் பேசவில்லை. வாதாபியிலிருந்து அதைக் கொணர்ந்தார் என்பது பிற்காலக் கதை.

பகைவனின் பொருள்தான் சின்னம் என்றால், முதலாம் இராசேந்திரன் கொணர்வித்த கங்கைநீர் எதில் அடங்கும்? நீர் எந்த அரசனுக்கும் உரியதன்று. எனினும் கங்கைக்கரை வேந்தர்களை வென்ற பிறகே அது கிடைத்தது. அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்றே வருணிக்கிறது. கல்தூணை நட்டவர் பலர். ஏரியையே தூணாக்கிய துணிவு இவனுடையது. பொன்னேரி எனப்படும் அது கங்கைகொண்ட சோழபுரத்தருகே இன்றும் இருக்கிறது.

இக்கால விளையாட்டுக் கோப்பைகள் தோற்றவரிடமிருந்து பறிக்கப்படுவதில்லை. போட்டி நடத்துவோரே அளிக்கின்றனர். கிரிக்கெட்டின் ரஞ்சிக் கோப்பை அத்தகையது. 1934இல் தொடங்கிய அதைச் சென்னை மாநில அணி 1954–55இலும், தமிழ்நாடு அணி 1987–88இலும் வென்றன.