வால்ப்ரோயேட்டும் கருத்தடைத் தேர்வும்: முடிவு எங்கே எடுக்கப்பட வேண்டும்?

பதின்பருவத்துப் பெண் ஒருத்திக்குக் காலையில் எழுந்ததும் கைகள் வெட்டி உதறுகின்றன. கையிலிருக்கும் டம்ளர் தெறித்து விழுகிறது. தூக்கக் கலக்கம் என்றும் கவனக்குறைவு என்றும் வீட்டார் சொல்லிக்கொண்டிருக்க, சில மாதங்கள் கழித்து முழு வலிப்பு வந்த பிறகே நரம்பியல் மருத்துவரிடம் போகிறார்கள். இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு எனப்படும் இந்நோய்க்குச் சோடியம் வால்ப்ரோயேட் அளவுக்குக் கேட்கும் மருந்து அரிது. வால்பரின், என்கோரேட் முதலிய பெயர்களில் அது எல்லா ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. மாத்திரை தொடங்கியதும் உதறல் அடங்குகிறது, பெண் பள்ளிக்குத் திரும்புகிறாள். அதே மாத்திரை கல்லூரிக் காலத்திலும் தொடர்கிறது, திருமணம் ஆகும் நாளிலும் தொடர்கிறது.

இம்மருந்து கருவுக்குச் செய்யும் தீங்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்ததே. ஆனாலும் இதை உண்ணும் பெண்ணுக்கு எந்தக் கருத்தடை பொருந்தும் என்ற கேள்வி நம் மருத்துவ அமைப்பில் எவருடைய பொறுப்பிலும் இல்லை. நரம்பியல் மருத்துவர் அதை மகப்பேறு மருத்துவரின் வேலை என்கிறார். மகப்பேறு மருத்துவரோ அவளைக் கருவுற்ற பிறகுதான் பார்க்கிறார். மருந்தை எழுதுபவரே, எழுதும் அன்றே, கருத்தடையைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வால்ப்ரோயேட்டின் வலிப்படக்கும் தன்மையை 1962இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பியேர் எய்மார் தற்செயலாகக் கண்டறிந்தார். 1982இல் லியோன் நகரத்து எலிசபெத் ரொபேர், இதை உண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முதுகுத்தண்டுப் பிளவு மிகுந்திருப்பதைப் பதிவுசெய்தார். பின்னர் வந்த பதிவேடுகள் கணக்கைத் துல்லியமாக்கின. யூராப் என்ற பன்னாட்டுப் பதிவேடு 2018இல் வெளியிட்ட முடிவுகளின்படி, பிற வலிப்பு மருந்துகளான லாமோட்ரிஜின் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் 2.9 விழுக்காட்டினருக்கும் லெவெடிரசெட்டம் உண்டவர்களின் குழந்தைகளில் 2.8 விழுக்காட்டினருக்கும் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. வால்ப்ரோயேட்டில் அது 10.3 விழுக்காடு. அளவு கூடக்கூடத் தீங்கும் கூடியது: நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் வரை 6.3, அதற்கு மேல் 1450 வரை 11.3, அதையும் தாண்டினால் 25.2. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு இதனினும் பெரிது. கிம்ஃபர்ட் மீடர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கருவில் வால்ப்ரோயேட்டுக்கு உட்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு ஆறு வயதில், மற்ற மருந்துகளுக்கு உட்பட்ட குழந்தைகளைவிட 7 முதல் 10 புள்ளி வரை குறைந்திருந்தது. இக்குழந்தைகளில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்குப் பேச்சு, நினைவு, நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிக் குறை வரலாம் என்கிறது ஐரோப்பிய மருந்து முகமை.

இந்த எண்களோடு ஒரு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். ஒழுங்கற்ற மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு அப்போது ஐயம்கூட எழுந்திராது. உறுதிசெய்து, வீட்டில் சொல்லி, மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் அந்த வாசல் அடைந்துவிடும். ஃபோலிக் அமிலத்தை 5 மில்லிகிராமாக ஏற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. கொடுக்க வேண்டியதுதான், ஆனால் வால்ப்ரோயேட்டின் தீங்கை அது துடைத்துவிடுவதில்லை. பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்து. கருவுற்ற பிறகு எஞ்சும் வழிகளில் நல்ல வழி என்று ஒன்றில்லை. கருத்தடைத் தேர்வு இவளுக்கு மருத்துவத்தின் ஒரு பகுதி என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் கருத்தடைச் சேவையோ பிள்ளை பெற்று முடித்தவர்களைச் சுற்றியே கட்டப்பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர். காப்பர் டி என்ற கருப்பைச் சாதனம் பெரும்பாலும் முதல் பிரசவம் முடிந்த கையோடு வைக்கப்படுகிறது. முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் புது மணப்பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அறிவுரை: முதலில் ஒன்றைப் பெற்றுக்கொள், பிறகு பார்க்கலாம். வால்ப்ரோயேட் உண்பவளுக்கு இதைவிட ஆபத்தான அறிவுரை இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரையும் தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகளில் வைக்கப்படுவதில்லை.

சரி, எந்த முறை? ஒரே பதில் எல்லாருக்கும் பொருந்தாததற்குக் காரணம் கல்லீரலில் இருக்கிறது. ஃபினிடாயின், கார்பமசெபின், ஃபினோபார்பிட்டோன் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்நொதிகள் கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களை விரைவாகச் சிதைத்துவிடுவதால், மாலா-என் மாத்திரையை ஒருநாள் தவறாமல் விழுங்கியும் கரு நிற்கலாம். கைத்தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியின் ஆற்றலும் குறையலாம். வால்ப்ரோயேட் நொதிகளைத் தூண்டுவதில்லை, தனியாக உண்ணும்போது மாத்திரையின் வேலையை அது கெடுக்காது. ஆனால் நம் நோயாளிகளில் பலர் வால்ப்ரோயேட்டோடு கார்பமசெபினையோ ஃபினிடாயினையோ சேர்த்து உண்கிறார்கள். அங்கே மாத்திரை கைகொடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறைகளில் நொதி தூண்டும் வலிப்பு மருந்துகளோடு கூட்டு ஹார்மோன் மாத்திரை மூன்றாம் பிரிவில், அதாவது பொதுவாகத் தவிர்க்க வேண்டியவற்றில், வைக்கப்பட்டிருக்கிறது. காப்பர் டி, மூன்று மாதத்துக்கொருமுறை போடும் கருத்தடை ஊசி இரண்டும் முதற்பிரிவில், தடையின்றிப் பயன்படுத்தத்தக்கவை.

லாமோட்ரிஜினில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே மருந்து மாத்திரையைக் கெடுப்பதில்லை, மாத்திரைதான் மருந்தைக் கெடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்பிவிடும். வால்ப்ரோயேட்டிலிருந்து பெண்களை மாற்றும்போது பெரும்பாலும் தேர்வாகும் மருந்துகளில் ஒன்று லாமோட்ரிஜின். வால்ப்ரோயேட் உடன் இருக்கும்வரை லாமோட்ரிஜினின் அளவு இரட்டிப்பாக இருக்கும், அது விலகவிலகக் குறையும். அதே சமயத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு சரிவும் ஒன்றாக நேரும். இரு மருத்துவரும் தத்தம் துறையில் சரியாகவே நடந்திருப்பார்கள், பெண் மட்டும் வலிப்பு வந்து விழுந்திருப்பாள். முடிவு ஒரே மேசையில் எடுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எஞ்சியவற்றில் என் கணிப்பில் காப்பர் டி முதலில் நிற்கிறது. முதல் ஆண்டில் அதன் தோல்வி 100 பெண்களுக்கு ஒன்றுக்கும் குறைவு. மாத்திரையில் நடைமுறைத் தோல்வி ஏழு, ஆணுறையில் 13. நினைவை நம்பி நிற்கும் எந்த முறையும் இவ்வளவு பெரிய தீங்குக்கு முன்னால் போதாது. குழந்தை பெறாதவளுக்குக் காப்பர் டி வைக்கக்கூடாது என்பது நம் மருத்துவர் பலரிடம் ஊறிப்போன தயக்கம், உலக சுகாதார நிறுவனம் அதைத் தடுக்கவில்லை. மாதவிலக்குப் போக்கை அது கூட்டும் என்பது மெய்யான குறை, பெண்களில் பாதிப்பேர் இரத்தசோகையோடு இருக்கும் மாநிலத்தில் இரும்புச்சத்து மாத்திரையோடுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும். லெவோனார்ஜெஸ்ட்ரல் கொண்ட கருப்பைச் சாதனம் போக்கைக் குறைக்கும், நொதிகளாலும் கெடாது, விலைதான் இடிக்கிறது. அரசு 2017 முதல் அந்தரா என்ற பெயரில் இலவசமாகப் போடும் மூன்று மாத ஊசியை எவரும் அறியாமல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தீட்டு ஒழுங்கு மாறும், நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம், வலிப்பு மருந்துகள் ஏற்கெனவே அரிக்கும் எலும்பை மேலும் மெலிய வைக்கும்.

எவரும் அறியாமல் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 1999இல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்புநோய் நீக்கப்பட்டது. அதற்கு முன் அது திருமணத்தையே செல்லாததாக்க வழிகாட்டியது. சட்டம் மாறினாலும் பெண் பார்க்கும் கூடத்தில் எதுவும் மாறவில்லை. காக்காய் வலிப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே சம்பந்தம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சி, பெற்றோர் நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். மாத்திரை பீரோவுக்குள் புடவை மடிப்பில் இருக்கும், இரண்டு வேளை ஒரு வேளையாகச் சுருங்கும். வலிப்பையே சொல்ல முடியாதவள் கருத்தடையை எப்படிச் சொல்வாள்? மாதம் ஒன்று கழிந்ததுமே விசேஷம் உண்டா என்று கேட்கத் தொடங்கும் வீட்டில் அவளால் காலம் கேட்க முடியாது. ஆகவே மருந்தை மாற்றும் வேலை திருமணப் பேச்சு தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் மருந்துச்சீட்டு குற்றவாளியாகிறது. அரசு மருத்துவமனை ஓ.பி. நோட்டைப் புரட்டினால் மாதாமாதம் ஒரே மூன்றெழுத்து: சி.எஸ்.டி., அதே மருந்தைத் தொடரவும். பதினான்கு வயதில் சரியாக எழுதப்பட்ட மருந்து, இருபத்திரண்டு வயதில் சரிதானா என்று கேட்கப்படாமலே தொடர்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத மருத்துவரைக் குறைசொல்வது என் நோக்கமில்லை. ஆண்டுக்கொருமுறை அந்த மூன்றெழுத்துக்குப் பதிலாக மூன்று கேள்வி எழுதப்படலாம்: வால்ப்ரோயேட் இன்னும் தேவையா, கருத்தடை என்ன, குழந்தை எப்போது வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998இல் தொடங்கிய கேரள வலிப்பு-கருத்தரிப்புப் பதிவேடு, கருத்தரிக்குமுன்பே பெண்களைச் சேர்த்துப் பின்தொடர்கிறது. நம் பக்கத்து மாநிலத்தில் நடப்பது இங்கே நடக்க முடியாததல்ல.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 2018 முதல் அங்கே கருத்தரிப்புத் தடுப்புத் திட்டத்தில் சேராத பெண்ணுக்கு வால்ப்ரோயேட் கிடையாது. பயனுள்ள கருத்தடை, ஆண்டுதோறும் மருத்துவரும் நோயாளியும் ஒப்பமிடும் படிவம், பெட்டியின்மேல் எச்சரிக்கைப் படம். பிரிட்டனில் பல்லாண்டுகளாகத் தாய்மார் எச்சரிக்கப்படாததை 2020இல் கம்பர்லெஜ் அறிக்கை அம்பலப்படுத்தியது. அந்தத் தாய்மாரின் கோபம் முற்றிலும் நியாயமானது. எனினும் கருத்தடைக்கு ஒப்பாவிட்டால் மருந்தில்லை என்ற விதியை இங்கே அப்படியே கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. 2021இல் வெளிவந்த சானட் இரண்டாம் ஆய்வு, பொதுவகை வலிப்பில் லெவெடிரசெட்டத்தைவிட வால்ப்ரோயேட்டே நன்கு கேட்கிறது என்று காட்டியது. மருந்தைப் பறித்தால் சில பெண்கள் வலிப்பில் சாவார்கள். மணமாகாத பெண்ணிடம் கருத்தடைப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், அம்மா அவளை அந்த மருத்துவரிடம் மறுமுறை அழைத்துவர மாட்டார். அவள் வேண்டாம் என்றால் அதை நோட்டில் எழுதிக்கொண்டு மருந்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும், அடுத்த முறை அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும்.

மிகக் கடினமான நேர்வு ஒன்று மிஞ்சுகிறது. லாமோட்ரிஜினும் லெவெடிரசெட்டமும் தோற்று, வால்ப்ரோயேட்டில் மட்டுமே வலிப்பு அடங்கும் பெண்ணுக்கும் குழந்தை ஆசை உண்டு. அவளுக்கு வாழ்நாள் முழுதும் கருத்தடை என்று தீர்ப்பெழுத மருத்துவருக்கு உரிமையில்லை. காப்பர் டி இருக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில், வலிப்பை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு எது என்று மெல்லமெல்ல இறக்கிப் பார்க்கலாம். 1500 மில்லிகிராமில் இருந்தவள் 600க்கு வந்தால் பிறவிக் குறையின் வாய்ப்பு நான்கில் ஒன்றிலிருந்து பதினாறில் ஒன்றாகிறது. அது இன்னும் சாதாரணத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல்தான், அதையும் அவளிடம் எண்ணாகவே சொல்ல வேண்டும். காப்பர் டியை எடுக்கச் சொல்லி வரும் நாளை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.