மன்னார் வழியும் கங்காணியும்

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பே பலருக்கும் நினைவில் எழும். அரிப்புக் கடலில் மூழ்கி எடுத்த முத்துகளின் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது. ஆயின், அதே கரையில் 19ஆம் நூற்றாண்டில் முத்தினும் அரிய செல்வமொன்று வந்திறங்கியது. அது மனித உழைப்பு. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களையும், பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் உருவாக்கிய தமிழ்த் தொழிலாளருட் பெருந்தொகையினர் இக்கரையில் கால்வைத்தே உள்நாடு சென்றனர். அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி.

இக்காலப் பெருநிறுவனங்களில் ஆள் சேர்த்தல், வரவு பதிதல், ஊதியம் வழங்கல், பிணக்குத் தீர்த்தல் ஆகியவற்றைக் கவனிக்க மனிதவள அலுவலர் உளர். தோட்டங்களில் இப்பணிகளிற் பெரும்பகுதி கங்காணியின் தலைமேல் விழுந்தது. அவர் தம் ஊரிலும் சுற்றத்திலும் ஆள் திரட்டினார், முன்பணம் கொடுத்தார், தோணியேற்றிக் கடல் கடத்தினார். மன்னாரிலிருந்து மாத்தளைவரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கூட்டம் கால்நடையாகவே கடந்தது. நீர் அரிது, வாந்திபேதி கொடிது. வழியில் விழுந்தவர் பலர் எழவேயில்லை.

தோட்டத்தை அடைந்த பின்னரும் அவர் பணி ஓயவில்லை. விடியுமுன் தப்பு முழங்கும். தொழிலாளர் பெரட்டுக்களத்திற் கூடுவர். கங்காணி தம் ஆட்களை எண்ணி நிறுத்துவார். துரை வகுத்த வேலைக்கு அவர்களை அனுப்புவார். மாலையில் வேலை குறைந்தால் செக்றோலில் அரைப்பேரே விழும். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிமார் தத்தம் குழுவை மேய்த்தனர். சண்டையைத் தீர்ப்பதும், தொழிலாளியின் குறையைத் துரையிடம் எடுத்துச் சொல்வதும் கங்காணியே.

அறியாத நாட்டில் அறிந்த முகம் அவருடையது. அம்முகத்தை நம்பியே மக்கள் கடல் கடந்தனர். ஆனால் அவருக்கு வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு நாள்தோறும் இத்தனை சதம் என்று தோட்டம் கொடுத்தது. நோயாளி குடிசையிற் கிடந்தால் அவருக்கு இழப்பு. மேலும், வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரிற் கடனாய் நின்றன. அக்கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே ‘துண்டு’. அதனைக் கொண்டு கங்காணி வேறு தோட்டத்திற் பணம் பெற்று ஆட்களை அங்கே கொண்டு செல்வார். கடனோ மேலும் வளரும். பரிந்து பேச வேண்டியவரே கடன்காரராயும் இருந்தமையால், தொழிலாளியின் குறை துரையின் செவியை எட்டுவது அரிதாயிற்று.

மாற்றம் மெல்லவே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடைவழி மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1923 முதல் வழிச்செலவு தொழிலாளியின் கடனாகாதவாறு பொதுநிதி ஏற்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தது. கங்காணியின் ஆள் திரட்டும் தொழில் அத்துடன் முடிந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின், அம்மக்களின் வழித்தோன்றல்கள் பல்லாயிரவர் இந்தியா செல்லக் கப்பலேறியதும் தலைமன்னாரிலேயே. அன்று அழைத்துச் செல்லக் கங்காணி இல்லை; கையில் அரசின் ஆவணம் மட்டுமே இருந்தது.

இரு தரப்பாருக்கும் இடையே நிற்பவர் யாரிடம் கூலி பெறுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் நாவும் அசையும். தனிமனிதரின் இரக்கத்தை நம்பி நிற்கும் நீதி நிலையாது; எழுதிய சட்டமும் அதனைக் கேட்டுப் பெறும் துணிவும் வேண்டும். மன்னார் வழி நமக்குணர்த்தும் பாடம் இதுவே.