இருபத்து மூன்று செயல்கள்: நூலகப் பணியாளர்கள் இணையம் பயின்ற வரலாறு

இருபத்து மூன்று செயல்கள் என்பது, நூலகப் பணியாளர்கள் இணையக் கருவிகளைத் தாமே பயன்படுத்திப் பார்த்துக் கற்பதற்காக 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பயிற்சித் திட்டமாகும். வட கரோலைனா மாநிலத்தின் சார்லட் நகரில் இயங்கும் சார்லட்–மெக்லன்பர்க் மாவட்டப் பொது நூலகம் இதனை முதலில் நடத்தியது. அந்நூலகத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த ஹெலீன் பிளோவர்ஸ் இதனை வடிவமைத்தார். கற்றல் 2.0 என்பது திட்டத்தின் முறையான பெயர். ஆனால் பயிற்சியில் 23 செயல்கள் இருந்ததால் அந்த எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு மாவட்ட நூலகத்தின் பணியாளர்களுக்காக எழுதப்பட்ட இப்பட்டியல் சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரேலியா, பிரிட்டன், டென்மார்க் முதலிய நாடுகளின் நூலகங்களுக்கும் பரவியது.

நூலகரும் கருவிகளும்

புதிய கருவி ஒன்று வரும்போது நூலகப் பணியாளர் அதைக் கற்றுக்கொள்வது இருபத்தோராம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பட்டியல் அட்டைகள் கையால் எழுதப்பட்டன. எந்தப் பணியாளர் எழுதினாலும் அட்டை ஒரே மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக ‘நூலகக் கையெழுத்து’ என்ற தனி எழுத்துமுறையே உருவானது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1885ஆம் ஆண்டுக் கூட்டத்தில் இது விவாதிக்கப்பட்டது. மெல்வில் டூயி தொடங்கிய நூலகப் பள்ளியில் மாணவர்கள் அதைப் பயின்றார்கள். பின்னர் தட்டச்சுப் பொறி வந்தது. அழகிய கையெழுத்துக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விசைப்பலகையைப் பழக வேண்டியதாயிற்று.

அடுத்த பெரிய மாற்றம் ஓஹையோ மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள கல்லூரி நூலகங்கள் 1967இல் கூட்டாக அமைத்த ஓ.சி.எல்.சி. என்ற நிறுவனம், 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹையோ பல்கலைக்கழகத்தில் கணினி இணைப்பின் வழியாக நூற்பட்டியலிடும் பணியைத் தொடங்கியது. ஒரு நூலகம் உருவாக்கிய பதிவை மற்றொரு நூலகம் அப்படியே எடுத்துக்கொள்ள இது வழி செய்தது.

இக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எதை வாங்குவது, எப்போது பயன்படுத்துவது என்பதை நூலகமே முடிவு செய்தது. பணியாளருக்குப் பயிற்சி தந்த பிறகே கருவி வாசகர் முன் வந்தது. 2000க்குப் பிறகு இந்த வரிசை தலைகீழானது.

2006க்கு முந்தைய சூழல்

விக்கிப்பீடியா 2001இலும், புகைப்படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் 2004இலும், யூடியூப் 2005இலும் தோன்றின. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. பதினைந்து வயதுச் சிறுவன் வீட்டிலிருந்தபடியே ஒரு கணக்கைத் தொடங்கிவிடலாம். எனவே நூலகத்துக்கு வருமுன்பே வாசகர் கருவியை அறிந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருந்த பணியாளர்தான் அதை அறியாதவராக இருந்தார்.

அமெரிக்கப் பொது நூலகங்களில் இது அன்றாடச் சிக்கல். வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர்கள் நூலகக் கணினிகளையே நம்பியிருந்தனர். அங்கே வருபவர் புகைப்படத்தை எப்படி ஏற்றுவது, வேலைக்கான விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது என்று கேட்பார். புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அனுபவசாலி, இக்கேள்விகளின் முன் தயங்கினார். 2004 டிசம்பரில் கூகுள் நிறுவனம் ஹார்வர்டு, ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட பெரிய நூலகங்களின் நூல்களை மின்வருடப் போவதாக அறிவித்தது. இனி நூலகர் எதற்கு என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது.

இச்சூழலில் 2005ஆம் ஆண்டு மைக்கேல் கேசி என்ற நூலகர் ‘நூலகம் 2.0’ என்ற தொடரைப் பயன்படுத்தினார். வாசகரின் பங்கேற்போடு நூலகச் சேவைகளைத் தொடர்ந்து மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழ் வாசகருக்கு இதன் உட்பொருள் புதிதாகத் தோன்றாது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி சி. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பதே. வளர்ச்சிக்கு ஏற்பப் பணியாளரை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதற்குத்தான் 2006இல் நடைமுறை விடை தேவைப்பட்டது.

திட்டம் பிறந்த விதம்

கனடாவைச் சேர்ந்த நூலகவியலாளர் ஸ்டீபன் ஏப்ரம் 2006 பிப்ரவரியில் ஒரு கட்டுரை எழுதினார். நூலகர் ஒருவர் அந்த ஆண்டில் செய்து பார்க்கக்கூடிய 43 சிறு முயற்சிகளை அதில் பட்டியலிட்டார். நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும் என்பது அவர் வாதம்.

இக்கட்டுரையைத் தூண்டுகோலாகக் கொண்டு, ஹெலீன் பிளோவர்ஸ் 23 செயல்களை ஒன்பது வாரங்களுக்குப் பிரித்து அமைத்தார். அவருடைய நூலகத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பல கிளைகளில் பணிபுரிந்தனர். அனைவரையும் வகுப்பறைக்கு அழைத்துப் பாடம் நடத்துவது இயலாத காரியம். ஆகவே வகுப்பே வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது. ஒவ்வொருவரும் தம் பணிநேரத்துக்கு இடையே, தமக்கு உகந்த வேகத்தில் செய்ய வேண்டும். புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். புத்தகம் அடுக்குபவர் முதல் உயர் அலுவலர் வரை எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். 2006 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியது.

ஒன்பது வாரங்கள்

முதல் வாரத்தில் கருவி எதுவும் இல்லை. வாழ்நாள் முழுதும் கற்பவருக்கான ஏழரைப் பழக்கங்கள் பற்றிய ஒரு சிறு பாடம் மட்டுமே இருந்தது. தமிழில் ஏழரை என்றாலே சனியின் நினைவு வரும். இங்கே அந்த அரைப் பழக்கம் ‘விளையாடு’ என்பது. தவறாக அழுத்தினாலும் எதுவும் உடைந்துவிடாது என்ற துணிவை முதலில் ஊட்டுவதே அதன் நோக்கம்.

இரண்டாம் வாரத்தில் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பதிவைத் தொடங்கினர். புனைபெயரில் எழுதவும் இடம் இருந்தது. அடுத்தடுத்த செயல்களைச் செய்தபின் அந்த அனுபவத்தை அதில் எழுத வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஃபிளிக்கர், நான்காம் வாரத்தில் செய்தியோடை, ஐந்தாம் வாரத்தில் விளையாட்டு வாரம் என்று பயிற்சி தொடர்ந்தது. தம் வீட்டுப் புத்தகங்களை நூலகம்போல் பட்டியலிடும் லைப்ரரிதிங் தளத்தை அந்த வாரத்தில் பழகினர். பிறகு குறிச்சொல் இடுதல், விக்கி, இணையத்திலேயே ஆவணம் எழுதும் செயலிகள், யூடியூப், வலையொலி, ஒலிநூல்கள் ஆகியன வந்தன. கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதுவது 23ஆம் செயல்.

கெடுவுக்குள் முடித்தவர்களுக்கு ஓர் எம்.பி.3 இசைக் கருவி பரிசாக வழங்கப்பட்டது. மடிக்கணினிக்கான குலுக்கலும் இருந்தது. பரிசிலும் ஒரு பயன் இருந்தது. ஒலிநூலைத் தரவிறக்கக் கற்றவர் கையில் அதைக் கேட்கும் கருவியும் இருக்க வேண்டும் அல்லவா?

பிற நூலகங்களுக்குப் பரவுதல்

திட்டத்தின் பாடங்கள் பூட்டி வைக்கப்படவில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் அவை வெளியிடப்பட்டன. மூலத்தைக் குறிப்பிட்டு எந்த நூலகமும் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இதுவே விரைவான பரவலுக்கு முதன்மைக் காரணம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரை ஒட்டிய யாரா பிளென்டி வட்டார நூலகம் இதை முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநில நூலகங்கள் 2008இல் தமக்கென ஒரு வடிவத்தை நடத்தின. 2010இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகர்கள் தத்தம் பட்டியலை அமைத்தனர். 2011இல் பிரிட்டன் நூலகர்கள் சிலர் சேர்ந்து, எந்த ஒரு நிறுவனத்தையும் சாராமல், தொழில் வளர்ச்சிக்கான 23 செயல்களைத் தொடங்கினர். அதில் உலகின் எந்த நூலகரும் சேரலாம்.

பயனும் குறையும்

ஆஸ்திரேலிய நூலகங்களில் இத்திட்டம் ஏற்படுத்திய விளைவை மைக்கேல் ஸ்டீபன்ஸ், வாரன் சீதம் ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். புதிய கருவிகளைக் கண்டு அஞ்சாத தன்னம்பிக்கையும், வாசகர் பேசும் தொழில்நுட்பம் இன்னதென்ற அறிமுகமும் பணியாளருக்குக் கிடைத்தது முக்கியப் பயன் என்று அவர்கள் கண்டனர்.

குறைகளும் உண்டு. பதினைந்து நிமிடம் என்பது ஏட்டளவில் எளிது. வரிசையில் பத்துப் பேர் நிற்கும் மேசையில் அமர்ந்திருப்பவருக்கு அந்த நேரத்தை யார் தருவது? மேலதிகாரி நேரம் ஒதுக்காத இடங்களில் பயிற்சி வீட்டு வேலையாக மாறியது. பலர் பாதியில் நின்றனர். சில நிறுவனங்களின் கணினிப் பிரிவுகள், பழக வேண்டிய தளங்களையே தடுத்து வைத்திருந்தன.

கற்றல் வேலையைக் காப்பாற்றும் என்ற உறுதியும் இருக்கவில்லை. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் மெக்லன்பர்க் மாவட்டத்தின் வருவாய் குறைந்தது. 2010 மார்ச்சில் அந்நூலகத்தின் 24 கிளைகளில் 12ஐ மூட அறங்காவலர் குழு முடிவெடுத்தது. மக்களின் எதிர்ப்பாலும் நன்கொடைகளாலும் பல கிளைகள் தப்பின. ஆனால் திறப்பு நேரம் குறைந்தது. பணியாளர் பலர் வேலை இழந்தனர். உலகுக்கே பயிற்சி முறையை அளித்த நூலகத்தின் கதை இது. பணியாளரின் திறமை வேறு, நூலகத்துக்கு நிதி ஒதுக்குவோரின் முடிவு வேறு என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கருவிகள் மறைந்தன

2006ஆம் ஆண்டுப் பட்டியலை இன்று படித்தால் பாதிப் பெயர்கள் இளைஞருக்குப் புரியாது. இணைய முகவரிகளைக் குறிச்சொல்லுடன் சேமித்த டெலிசியஸ் பலர் கை மாறி 2017இல் செயலற்றது. விருப்பமான தளங்களில் மட்டும் தேட உதவிய ரோலியோ மறைந்துவிட்டது. வலைப்பதிவுகளைத் தேடித் தந்த டெக்னோராட்டி அப்பணியைக் கைவிட்டது. செய்தியோடைகளைப் படிக்கப் பலர் பின்னர் நம்பிய கூகுள் ரீடர்கூட 2013 ஜூலையில் மூடப்பட்டது.

அதேசமயம், பின்னாளில் உலகையே ஆட்கொண்ட ஃபேஸ்புக் இப்பட்டியலில் இல்லை. அது கல்லூரி, பள்ளி, அலுவலக வட்டங்களைக் கடந்து எல்லோருக்கும் திறக்கப்பட்டதே 2006 செப்டம்பர் 26 அன்றுதான். அப்போது சார்லட் நூலகத்தின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. எந்தக் கருவி நிலைக்கும் என்பதைப் பட்டியல் போட்டவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதே இதன் பொருள்.

இதனால் பயிற்சி வீணானது என்று கொள்ளக் கூடாது. டெலிசியஸ் போனபின்பும் குறிச்சொல் என்ற கருத்து போகவில்லை. வலையொலி அன்றைவிட இன்று பெருகியிருக்கிறது. புதிய தளம் ஒன்றில் கணக்குத் தொடங்குவது, சிறிது நேரம் துழாவிப் பார்ப்பது, அது வாசகருக்கு உதவுமா என்று எடைபோடுவது, உதவாவிட்டால் விட்டுவிடுவது ஆகிய நான்கு படிகளும் எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

இன்றைய பொருத்தம்

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்தபின், நூலகப் பணியாளர்கள் மீண்டும் 2006இன் நிலையில் நிற்கிறார்கள். வாசகர் கையில் கருவி முதலில் வந்துவிட்டது. அது தரும் விடை சரியா, அதில் குறிப்பிடப்படும் நூல் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டு அவர் மேசைக்கு வருகிறார். இதற்கான பயிற்சியைத் திட்டமிடுவோருக்குப் பழைய பட்டியலின் கருவிப் பெயர்களால் பயனில்லை. பணிநேரத்திலேயே ஒதுக்கப்பட்ட நேரம், தவறு செய்ய அனுமதி, பக்கத்து மேசையின் உதவி, கற்றதை எழுதி வைத்தல் என்ற அதன் ஏற்பாடுகள்தாம் இன்றும் பயன்படும். பின்வந்த பட்டியல்கள் பல கருவிகளை மாற்றிக்கொண்டன. ஆயினும் கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதும் செயலைப் பெரும்பாலும் தம் இறுதியில் வைத்துக்கொண்டன.