கட்டைவிரலும் கன்ட்ரி கித்தாரும்

அமெரிக்கக் கன்ட்ரி இசையில் ரிதம் கித்தார் பயிலப் புகுவோர்க்கு முதற்பாடம் பெரும்பாலும் ஒன்றே. கட்டைவிரல் மந்திரத் தந்தி ஒன்றைத் தனியே மீட்ட வேண்டும். அடுத்த அடியில் ஏனைய விரல்கள் உச்சத் தந்திகளை ஒருசேர வருட வேண்டும். மீண்டும் மந்திரம், மீண்டும் வருடல். 'ஜி' என்னும் சுரக்கூட்டைப் பிடித்திருந்தால், மந்திர ஒலி முதலில் ஆறாம் தந்தியிலும் அடுத்து நான்காம் தந்தியிலும் எழும். முன்னது ஆதார சுரம், பின்னது அதற்கு ஐந்தாம் சுரம். நம் வழக்கிற் கூறினால் சட்ஜமும் பஞ்சமமும். சிலம்பு பயின்ற அன்பர்கள் குரல், இளி என்றே கொள்ளலாம்.

ஜி, சி, டி என்ற மூன்று சுரக்கூட்டுகளும் இந்த நடையும் கைவரப்பெற்றால் பழைய பாடல்கள் பலவற்றுக்குத் துணைவாசிப்புச் செய்துவிடலாம். இடக்கை விரல்கள் வலிப்பது சில வாரங்களில் தீரும். வலக்கையின் காலப்பிரமாணம் நிலைபெறுவதே அரிது. இத்தனை எளிய நடை எவ்வாறு தோன்றியது என்பதையே இங்கு நோக்க விழைகிறோம்.

அப்பலாச்சிய மலைப்பகுதியில் பிடிலும், ஆப்பிரிக்க வேர்கொண்ட பாஞ்சோவுமே மூத்த கருவிகள். கித்தார் பின்னர் வந்த விருந்தாளி. சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் மலிவான கித்தார்களை மலைக்குடில்கள்வரை கொண்டு சேர்த்தன. வீட்டுக் கூடத்தில் இரண்டு மூன்று பேர் கூடிப் பாடும் இசையில் தாளக்கருவி கிடையாது. ஆகவே தாளத்தையும் கித்தாரே சுமக்க நேர்ந்தது.

1927 ஆகஸ்டு முதல் இரு நாட்களில், டென்னசி மாநில எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் கார்ட்டர் குடும்பத்தினர் மூவர் ஆறு பாடல்களைப் பாடினர்: ஏ.பி.கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபல். மேபலுக்கு அப்போது வயது 18, கருவுற்றிருந்தார். அவர் மந்திரத் தந்திகளில் கட்டைவிரலால் பாடலின் மெட்டையே வாசித்து, இடைவெளிகளை உச்சத் தந்திகளின் வருடலால் நிரப்பினார். ஒரே கையில் பாட்டும் தாளமும்! 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்று பின்னாளில் பெயர்பெற்ற இம்முறையை, நம் கருத்தில், கன்ட்ரி கித்தாரின் இலக்கணநூல் என்றே சொல்லலாம். மாணவர் கற்கும் முதற்பாடம் இதிலிருந்து மெட்டை நீக்கிய எலும்புக்கூடு போன்றது.

தாளக்கருவி இல்லாக் குறையைக் கித்தாரே ஈடுசெய்யும் வழக்கம் நெடுநாள் நீடித்தது. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஓப்ரி' மேடையில் டிரம்ஸுக்குப் பல்லாண்டுகள் வரவேற்பில்லை. டிரம்ஸ் கலைஞர் இல்லாமலேயே தொடங்கிய ஜானி கேஷ், 1956-இல் வெளிவந்த தம் 'ஐ வாக் தி லைன்' பாடலில் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகி வாசித்தார். டிரம்மின் சரசரப்பு கித்தாரிலேயே பிறந்தது.

இவ்வரலாற்றில் இசைத்தட்டுகளின் மேல் பெயர் பொறிக்கப்படாத ஒருவர் உண்டு. லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கலைஞர். விபத்தொன்றில் ஒரு காலை இழந்தவர். 1928-ஆம் ஆண்டு வாக்கில் டென்னசியின் கிங்ஸ்போர்ட் நகரில் ஏ.பி.கார்ட்டர் அவரைச் சந்தித்தார். பின்னர் இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடல் திரட்டினர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார்; மெட்டை நினைவில் ஏந்தி வருவது ரிடிலின் பணி. இனப்பிரிவினைச் சட்டங்கள் கோலோச்சிய தென்மாநிலங்களில் இவ்விருவர் இணைந்து பயணம் செய்ததே வியப்புக்குரியது. மேபலும் ரிடில் வாசிப்பதை உற்றுநோக்கித் தம் விரல்வித்தையை விரிவுபடுத்திக்கொண்டார். திரட்டிய பாடல்களின் உரிமையோ ஏ.பி.கார்ட்டர் பெயரில் பதிவாயிற்று. அக்கால இசை வணிகத்தில் அது வழக்கமே எனச் சிலர் அமைதி கூறுவர். நம்மால் அவ்வளவு எளிதில் அமைய இயலவில்லை. ஏடு தேடி அலைந்த உ.வே.சா. தமக்கு உதவியோரைப் பெயர் சுட்டி நன்றி பாராட்டிய முன்னுரைகளைப் படித்துப் பழகியவர்கள் அல்லவா நாம்!

ரிடில் 1940-களில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்குக் குடிபெயர்ந்து, கித்தாரையும் கைவிட்டிருந்தார். 1965-இல் மைக் சீகர் என்னும் நாட்டுப்புற இசைஞர் அவரைத் தேடிக் கண்டு மீண்டும் வாசிக்கச் செய்தார். அப்போது தொடங்கிய பதிவுகள், ரிடில் மறைந்த பின்னர், 1993-இல் அவர் பெயரிலேயே இசைத்தட்டாக வெளிவந்தன.