ரோஜா இலையில் வைத்த செய்வினை

1736 ஜூலைத் தொடக்கம். பாரிஸில் அபே நொல்லே என்ற அறிவியலறிஞரைத் தேடி ஒரு நிலக்கிழார் வந்தார். கணக்குத் தணிக்கை மன்றத்து அதிகாரி; ரூவான் நகருக்கு அருகே சேன் ஆற்றங்கரைக் கிராமத்தில் அவருக்கு நிலம் இருந்தது. கூடவே கலங்கிய முகத்தோடு அவருடைய தோட்டக்காரன்.

தோட்டத்து மண்ணில் இலைச் சுருள்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. எசமான் குடும்பத்தை அழிக்க யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவன் நடுங்கிப் போனான். பங்குச் சாமியாரிடம் காட்டினான். அவருக்கும் அதே சந்தேகம். சாமியார் எசமானிடம் அனுப்ப, எசமான் தன் அறுவை மருத்துவரைக் கேட்க, அவர் நொல்லேயைக் கைகாட்டினார். ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்திய எனக்கு இந்த வரிசை சிரிப்பை வரவழைத்தது.

ஆனால் விஷயம் சிரிப்பல்ல. சூனிய வழக்குகளுக்குப் பதினான்காம் லூயி 1682-இலேயே கடிவாளம் போட்டிருந்தார். கிராமத்துப் பயத்துக்கு ஆணை ஏது? நொல்லே அன்று வீட்டில் இல்லாதிருந்தால், ஊரில் ஏதாவதொரு கிழவியின் தலையில் பழி விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நொல்லே வேறு பூச்சிகளின் கூடுகளைக் காட்டி, இதுவும் பூச்சி வேலைதான் என்று தேற்றி அனுப்பினார். ரெயோமூர் தம் பூச்சி நூலின் ஆறாம் தொகுதியில் (1742) எழுதிவைத்த கதை இது. பழைய பிரெஞ்சு, பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வாசித்தேன்.

சுருள்களைச் செய்தது இலைவெட்டித் தேனீ. ரோஜா போன்ற செடிகளின் இலையை வட்டமாகவும் நீள்வட்டமாகவும் நறுக்கி, தையல்காரரின் அங்குஸ்தான் போல அறைகள் செய்து, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, அறைக்கு ஒரு முட்டையிடும்.

தோட்டக்காரன் பயந்த மாதிரி, அந்தச் சுருளுக்குள் ஒரு தீங்கை யாராவது வைத்திருக்கவும் கூடும். குறி மட்டும் எசமான் குடும்பமல்ல. குயில் தேனீ என்று ஒன்று உண்டு. மகரந்தம் சுமக்கும் தூரிகை மயிர் அதற்குக் கிடையாது, கூடும் கட்டாது. கூட்டுக்காரி வெளியே போன நேரம் நுழைந்து, ஊசிபோன்ற வயிற்று நுனியால் இலைச் சுவரைக் கீறித் தன் முட்டையைச் செருகிவிடும். காக்கைக் கூட்டில் குயில் இடுகிற முட்டையாவது காக்கையே அடைகாக்கப் பொரிகிறது. இங்கே வருகிற புழுவுக்கோ அரிவாள்போலத் தாடை. வீட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டு உணவைத் தின்று வளரும்.

இரண்டு இனங்களுக்கும் பேர் வைத்தவர் ஒருவரே: லத்ரேய். புரட்சிக் காலத்தில் போர்தோ சிறையில் கண்ட ஒரு வண்டின் புண்ணியத்தில் உயிர் தப்பிய பாதிரியார். அதைத் தனியே எழுத வேண்டும். 1802-இல் வீட்டுக்காரிக்கு 'மெகாகைல்', பெரிய உதடு என்று பொருள். 1809-இல் திருட்டுக்காரிக்கு 'சீலியாக்சிஸ்', கூர்வயிறு.