சார்க் மேசையும் எமது கரையோரமும்

இலங்கையின் இனப்பிரச்சினை பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் இந்தியா வருகிறது, நோர்வே வருகிறது. நாம் அங்கம் வகிக்கும் சார்க் அமைப்போ பெரும்பாலும் வருவதில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஒரு யுத்தத்தில் பிராந்திய அமைப்பொன்று ஏன் தென்படவேயில்லை? வகுப்பில் சார்க் நாடுகளின் பெயர்களை எழுதிப் போடும்போதெல்லாம் எனக்குள் எழுகின்ற கேள்வி இது. கல்முனைக் கரையோரத்திலிருந்து பார்க்கும்போது இதற்கு இன்னுமொரு முகமும் உண்டு.

தெற்காசிய நாடுகளுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்ற யோசனையை 1980 இல் முன்வைத்தவர் பங்களாதேஷ் ஜனாதிபதி ஸியாவுர் ரஹ்மான். அடுத்த ஆண்டே அவர் கொல்லப்பட்டார். யோசனை உயிர் தப்பியபோதிலும் அதனைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தனர். சிறிய அயல்நாடுகள் ஒன்றுசேர்ந்து தன்னை எதிர்க்கும் மேடையாக இது மாறிவிடுமோ என்று இந்தியா அஞ்சியது. இந்தியாவின் ஆதிக்கத்துக்கு இது வாசலாகிவிடுமோ என்று பாகிஸ்தான் அஞ்சியது. இவ்விரு அச்சங்களையும் சமாளிக்கச் சாசனத்தின் பத்தாவது உறுப்புரை எழுதப்பட்டது. அதன்படி எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இருதரப்புப் பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் கலந்துரையாடலுக்கு எடுக்கப்படலாகாது. 1985 டிசம்பர் 8 ஆம் திகதி டாக்காவில் ஏழு நாடுகள் கையொப்பமிட்டது இந்தச் சாசனத்திலேயாகும்.

அதே ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டானின் தலைநகர் திம்புவில் இலங்கை அரசும் தமிழ் இயக்கங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் பேசின. இடம் பூட்டானுடையது, ஏற்பாடு இந்தியாவுடையது. அங்கே முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் இருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில்தான் எமது கரையோரத்தில் தமிழ் - முஸ்லிம் உறவு இரத்தம் சிந்தியிருந்தது. காரைதீவில் தமிழரின் வீடுகள் தீக்கிரையாயின. அடுத்தடுத்த ஊர்களில் ஒரே மொழி பேசி, ஒரே வயல்வெளியில் வேலை செய்த இரு சமூகங்களுக்கிடையில் விழுந்த அந்த வெடிப்பு, அரசுக்கும் இயக்கங்களுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையில் எப்படி இடம்பெறும்?

சார்க்கின் மேசையில் பேச முடியாதது அதன் தாழ்வாரத்தில் பேசப்பட்டது. 1986 நவம்பரில் பெங்களூரில் நடைபெற்ற இரண்டாவது உச்சிமாநாட்டின்போது ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் தனியே இனப்பிரச்சினையைப் பேசினர். கிழக்கு மாகாணத்தை எவ்வாறு பிரிப்பது என்பது அப்பேச்சின் மையமாக இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த டிசம்பர் 19 யோசனைகள், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அம்பாறைத் தேர்தல் தொகுதியைக் கிழக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்றன. அப்படி நடந்திருந்தால் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளின் கதி என்னவாகியிருக்கும்? எமது எல்லைகள் வரையப்பட்ட அந்த அறைகளில் எமது குரல் இருக்கவில்லை. 1981 இல் காத்தான்குடியில் தொடங்கிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை எம்.எச்.எம். அஷ்ரஃப் ஓர் அரசியல் கட்சியாக வளர்த்தெடுத்த காலத்தை இப்பின்னணியில் வைத்தே நாம் வாசிக்க வேண்டும்.

1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய - இலங்கை ஒப்பந்தம் முற்றிலும் இருதரப்பு விவகாரம். முஸ்லிம்கள் இந்நாட்டின் இனக்குழுக்களில் ஒன்றாக அதில் குறிப்பிடப்பட்டனர். வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. கிழக்கு மக்களிடம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்படும் என்ற வாக்குறுதி ஒருபோதும் நிறைவேறவில்லை. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அவ்விணைப்பைச் செல்லாததாக்கும் வரை, சுமார் பதினெட்டு ஆண்டுகள் எம்மிடம் கேட்கப்படாத ஒரு தீர்மானத்தின் கீழ் நாம் வாழ்ந்தோம்.

இந்தியப் படை இங்கிருந்த காலத்தில் சார்க் தடுமாறியது. 1989 இல் கொழும்பில் நடைபெறவிருந்த மாநாட்டை, அந்தப் படை நாட்டில் இருக்கும்வரை நடத்த ஜனாதிபதி பிரேமதாச உடன்படவில்லை. மாநாடு 1990 நவம்பரில் மாலைதீவில் நடந்தது. அதற்குச் சற்று முன்னர் நடந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் சுடப்பட்டனர். ஆகஸ்ட் 12 இல் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். பத்தாவது உறுப்புரையின்படி இவற்றில் எதுவும் மாலே மாநாட்டின் விடயமல்ல. சார்க்கிடம் அப்போது இருந்தது 1987 இல் காத்மண்டுவில் கையெழுத்தான பயங்கரவாத ஒழிப்பு உடன்படிக்கை. அது சந்தேக நபர்களை அரசுகள் ஒன்றிடமொன்று ஒப்படைப்பது பற்றியது. கொல்லப்பட்ட பொதுமக்களுக்கு அதில் எந்த வாசலும் கிடையாது.

வேறு பிராந்தியங்கள் வேறு வழியில் சென்றன. காத்தான்குடி நடந்த அதே 1990 ஆகஸ்டில், மேற்கு ஆபிரிக்காவின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸ் லைபீரிய உள்நாட்டு யுத்தத்தை நிறுத்தப் படையனுப்பியது. அப்படை நைஜீரியாவின் கைப்பாவை என்றும் கொள்ளையடித்தது என்றும் குற்றம் சாட்டப்பட்டது; யுத்தமும் பல்லாண்டுகள் நீடித்தது. எனினும் அவ்வமைப்பு அனுபவத்திலிருந்து கற்று, 1999 இல் முரண்பாடுகளைத் தடுப்பதற்கான ஒரு பொறிமுறையை எழுதிக்கொண்டது. 2017 ஜனவரியில் காம்பியாவில் தேர்தலில் தோற்ற ஜனாதிபதி பதவி விலக மறுத்தபோது, அயல்நாடுகளின் அழுத்தம் பெரும் யுத்தமின்றி அவரை வெளியேற்றியது.

எமக்கு இன்னும் நெருக்கமான ஒப்பீடு ஆச்சே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதையும் அழித்தது, எம்மையும் அழித்தது. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை மையித்துகளை அடக்கிய கைகள் இன்னும் எம்மிடையே உண்டு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகினர். 2005 ஆகஸ்டில் இந்தோனேசிய அரசும் ஆச்சே இயக்கமும் ஹெல்சிங்கியில் உடன்பட்டன. கண்காணிக்க ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஐந்து ஆசியான் நாடுகளும் சென்றன. ஆசியானும் தலையிடாமைக் கொள்கையுடைய அமைப்புத்தான். ஜகார்த்தா அழைத்ததால் அயலவர்களால் செல்ல முடிந்தது.

இங்கே 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்தைக் கண்காணிக்க வந்தவர்கள் ஐந்து நோர்டிக் நாட்டவர். அம்பாறையிலும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. மீறல்களை அவர்கள் பதிவு செய்தார்கள். தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கில்லை. அதே ஆண்டு மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் மோதியபோது அது தெளிவாயிற்று. உடன்படிக்கையின் முகவுரை முஸ்லிம்களின் துயரைக் குறிப்பிட்டது. ஆனால் நாம் அதில் ஒரு தரப்பல்லர். 2003 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட ஒலுவில் பிரகடனம் அந்த இடைவெளியிலிருந்தே பிறந்தது. 2005 ஜூனில் கைச்சாத்தான ஆழிப்பேரலை நிவாரணப் பொதுக்கட்டமைப்பில் பிராந்தியக் குழுவில் எமக்கு இடம் தரப்பட்டது, கையொப்பம் தரப்படவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது.

2008 ஆகஸ்டில் கொழும்பில் சார்க் தலைவர்கள் கூடியபோது வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாநாட்டை முன்னிட்டுப் புலிகள் அறிவித்த ஒருதலைப்பட்ச யுத்தநிறுத்தத்தை அரசு நிராகரித்தது. மாநாடு முடிந்தது, யுத்தம் 2009 மே வரை தொடர்ந்தது. பின்னர் பத்தாவது உறுப்புரை சார்க்கையே காப்பாற்றவில்லை. இந்திய - பாகிஸ்தான் பகைமையால் 2016 இஸ்லாமாபாத் மாநாடு கைவிடப்பட்டது. 2014 காத்மண்டு மாநாட்டின் பின் உச்சிமாநாடு எதுவும் நடைபெறவில்லை. பேசாமல் விட்ட விடயமே அமைப்பை முடக்கிற்று.

சாசனம் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தால் காத்தான்குடி தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த உறுப்புரை இல்லாவிட்டால் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கவே மாட்டா. ஆனால் பொது மேசை ஒன்று இல்லாத இடத்தில் பலமான அயலவன் ஒருவனே நடுவனாகிறான். அவன் ஆயுதம் ஏந்தியவர்களைத்தான் தரப்பென்று காண்கிறான். ஆயுதம் ஏந்தாத சமூகம் முகவுரையில் ஒரு வாக்கியமாக எஞ்சுகிறது. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்வோருக்குப் பிராந்திய அமைப்பொன்றின் தேவை இங்கேதான் இருக்கிறது: படை அனுப்புவதற்கு முன்னர், முறைப்பாட்டைக் கேட்டுப் பதிவதற்கு ஓர் இடம்.

இந்தப் பாடத்தை டாக்காவுக்கும் காத்மண்டுவுக்கும் மட்டும் அனுப்பிவிட முடியாது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் மூன்று தசாப்தங்களைக் கடந்துவிட்டது. 2019 ஜூனில் அது உண்ணாவிரதமாக வெடித்தது. எமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் அவர்களது ஆலய நிர்வாகங்களும் வெள்ளத்திலும் நோயிலும் ஒன்றுகூடுகின்றன. எல்லைப் பேச்சு எழுந்தால் அது 'சர்ச்சைக்குரிய விடயம்' என்று தள்ளி வைக்கப்படுகிறது. தேர்தல் மேடைகளில் மட்டும் அது உரக்கப் பேசப்படுகிறது. எமக்குள்ளும் எழுதப்படாத ஒரு பத்தாவது உறுப்புரை இருக்கிறது. அதை நீக்குவதற்கு எந்த உச்சிமாநாடும் கூடவேண்டியதில்லை.